ஓஸ் போனால் போகட்டும், கழுத்து போகக் கூடாது

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். 2012 மாடல் ஆல்ட்டோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கொஞ்ச நாளாகப் பாம்பன் பாலம் ஏறினாலே டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுகிற தெர்மோஸ்டாட்டை நானே மாற்றலாம் என்று இறங்கினேன். கிளிப் கழன்றுவிட்டது, ஆனால் ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற மேல் ஓஸ் அசையவே இல்லை. வள்ளத்தில் செய்கிற மாதிரி டீசல் விட்டு ஊறவைத்தேன். பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினேன். ஓஸ் பாதி கிழிந்து நிற்கிறது. ரேடியேட்டர் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தமும் கேட்டது. புளோ லாம்ப் காட்டினால் இளகிவிடும் என்று மச்சான் சொல்கிறார். டேப் சுற்றி ராமநாதபுரத்தில் உங்கள் பட்டறை வரை ஓட்டி வந்துவிடலாமா? நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, கழற்றிப் போட்டுவிடு என்று இங்கே ஒரு மெக்கானிக் சொல்கிறார். அதுவும் சரியா?

பதில்: தம்பி, முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். புளோ லாம்ப் வேண்டவே வேண்டாம். டீசல் ஊறிய ரப்பர், பக்கத்திலேயே பெட்ரோல் லைன், தொட்டால் உருகுகிற நைலான் டேங்க். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. டேப் சுற்றி ஓட்டி வருவதும் வேண்டாம். இன்ஜின் சூடானதும் உள்ளே அழுத்தம் ஏறும், டேப் தாங்காது. பாலம் மட்டுமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் வண்டியை ஓரங்கட்ட இடம் கிடையாது. தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டால் டெம்பரேச்சர் முள்ளையும் நம்ப முடியாது. சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகக் காட்டும், காற்றில் நின்றால் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். உங்கள் வண்டியின் ஹெட் அலுமினியம். ஒரு தடவை காய்ந்தால் வளைந்துவிடும். அதற்கப்புறம் ஹெட் கேஸ்கட், லேத் வேலை என்று செலவு எங்கேயோ போய்விடும். வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். இந்த வேலையை அங்கேயே, உங்கள் கையாலேயே முடித்துவிடலாம்.

கிழிந்த ஓஸைப் பற்றி இனிக் கவலைப்படாதீர்கள். அது போனது போனதுதான். நாம் காப்பாற்ற வேண்டியது ஓஸ் ஏறியிருக்கிற கழுத்தை. புது ஓஸ் நூறுகளில் வந்துவிடும், ரேடியேட்டர் ஆயிரங்களில் போகும். வீட்டில் இந்த வேலையைச் செய்கிற பலர் ஓஸைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும் என்று பாடுபட்டுக் கடைசியில் கழுத்தை உடைத்துவிடுகிறார்கள். என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வருகிற வண்டிகளில் இது வழக்கமாகப் பார்க்கிற சேதம்.

அந்த 'டிக்' சத்தத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். இந்தக் காலத்து ரேடியேட்டரில் நடுவில் இருக்கிற வலைதான் அலுமினியம். இரண்டு ஓரத்து டேங்கும் கண்ணாடி இழை கலந்த நைலான், ஓஸ் ஏறுகிற கழுத்தும் அதோடு சேர்ந்த வார்ப்புதான். புதிதில் நல்ல உறுதியாக இருக்கும். பத்து வருடம் வெந்து ஆறினால் முறுகிவிடும். பைப் ரெஞ்சின் நீளக் கைப்பிடிக்கு முன்னால் அது நிற்காது. கழுத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கழுத்து டேங்கோடு சேருகிற அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரியும், நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். கோடு இருந்தால் பசை போட்டு அடைக்கப் பார்க்காதீர்கள். நைலானில், அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் எந்தப் பசையும் நிலைக்காது. டேங்க் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். கோடு இல்லையென்றால் நிம்மதி, மேலே தொடரலாம்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவது நல்லது. ரேடியேட்டர் மூடி சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். பேட்டரியின் எர்த் வயரையும் கழற்றி வையுங்கள், ஃபேனுக்குப் பக்கத்தில் கை போகப்போகிறது. ரேடியேட்டர் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறந்து, இருக்கிற தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு சேர்க்கிற கூலன்ட் கலந்திருந்தால் அது விஷம். அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆடு, கோழி, நாய் எல்லாம் தேடி வந்து குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்விடும். குழந்தைகளுக்கும் அதே கதிதான். மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே எழுதி வையுங்கள். மணலில் கொட்டாதீர்கள். தீவில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இனி ஓஸ். அதைத் தள்ளிப் பார்த்தீர்களா? இழுத்துத்தான் பார்த்திருப்பீர்கள், எல்லோரும் இழுக்கத்தான் இழுக்கிறார்கள். ரப்பர் குழாயை இழுத்தால் அது நீளும், நீள நீளச் சுற்றளவு சுருங்கிக் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விரலில் இறுகிய மோதிரத்தைப் பிடித்து இழுத்தால் சதை திரண்டுகொண்டு விடாது, திருப்பித் திருப்பித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அதேதான் இதற்கும். கிளிப்பைக் கழுத்தைத் தாண்டி ஓஸின் நடுப்பக்கம் தள்ளிவிடுங்கள். இரண்டு கையாலும் ஓஸைப் பிடித்து முதலில் உள்பக்கமாக, ரேடியேட்டரை நோக்கி அழுத்துங்கள். அழுத்தினால் ரப்பர் லேசாக உப்பும், ஒட்டு அந்த இடத்தில்தான் முதலில் விடும். அப்படியே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருகுங்கள். ஒட்டு விடும்போது 'சர்க்' என்று காய்ந்த தோல் உரிகிற மாதிரி கையில் தெரியும். அது தெரிந்த பிறகுதான் இழுக்க வேண்டும், அதுவும் திருகிக்கொண்டே.

கையால் வரவில்லையென்றால் துணியை வெந்நீரில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். இறுகிப்போன ரப்பர் இளகும். அந்த வெந்நீரே போதும், நெருப்பு தேவையில்லை. அதற்கப்புறம் ஒரு பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்து, நுனியை அரத்தால் உருட்டி, உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கிக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஓஸின் விளிம்புக்கும் கழுத்துக்கும் நடுவே மெதுவாக நுழைத்து, கழுத்தை ஒட்டியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நுழைகிற வழியில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருங்கள். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது. அது போடுகிற கீறல் வழியாகத்தான் நாளைக்குத் தண்ணீர் கசியும்.

உங்கள் ஓஸ் ஏற்கெனவே கிழிந்திருப்பதால் இவ்வளவும் தேவைப்படாது, வெட்டிவிடுங்கள். கழுத்து முடிகிற இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி ஓஸைக் குறுக்கே அறுத்து, நீளமான துண்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், அது பின்னால் வேண்டும். கழுத்தில் மிச்சம் இருக்கிற வளையத்தின் மேல் கட்டர் பிளேடை நீளவாக்கில் வைத்து, மூன்று நான்கு தடவை மேலாகக் கோடு போடுங்கள். ஒரே அழுத்தில் அறுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே நூல் வலை வரும், அது அறுந்ததும் கை நிற்க வேண்டும். அதற்கு அடியில் இருக்கிற கடைசிப் படலத்தைப் பிளேடு தொடக் கூடாது. கோட்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இரண்டு பக்கமும் விரித்தால் அந்தப் படலம் தானாகக் கிழிந்து, வளையம் பலாச்சுளை மாதிரி பிரிந்து வரும். இன்ஜின் பக்கம் தெர்மோஸ்டாட் மூடியில் இருக்கிற முனைக்கும் இதே முறைதான்.

கேபினுக்குள் ஹீட்டருக்குப் போகிற இரண்டு சின்ன ஓஸ்களையும் மாற்ற நினைத்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைத் திருகவே திருகாதீர்கள், எடுத்ததுமே வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தக் குழாய்கள் மெல்லிய தகடு. ஒன்று நசுங்கினாலும் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று அவற்றை அடைத்துவிடவும் வேண்டாம். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றி வருவதே அந்த வழியாகத்தான்.

ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்றால், கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட் மூடியின் அலுமினியக் கழுத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி பூத்திருக்கும். அது அலுமினியத் துரு. ரப்பருக்கு அடியில் அது வளர வளர ஓஸைத் தூக்கி இறுக்கிவிடும். இரண்டு பக்கத்திலிருந்து உப்பு அங்கே வருகிறது. வெளியிலிருந்து, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்றோடு வந்து ஓஸ் விளிம்பில் படிகிற உப்பு. உள்ளிருந்து, ரேடியேட்டரில் ஊற்றுகிற போர் தண்ணீரில் இருக்கிற உப்பு. இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது, நாம் கையால் ஊற்றுவதும் அதைத்தான். பழைய ஓனர் குழாயில் வந்ததையெல்லாம் ஊற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். வடித்த தண்ணீர் செங்காவி நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது போக, முன்பு யாராவது கழுத்தில் கேஸ்கட் பசை தடவி ஓஸ் ஏற்றியிருந்தால் அது கல்லாகப் பிடித்துக்கொள்ளும். பட்டறைகளில் இந்தப் பழக்கம் உண்டு, எனக்கு அறவே பிடிக்காது. கழுத்து நன்றாக இருந்தால் பசை தேவையில்லை. கெட்டிருந்தால் பசை காப்பாற்றாது. உள்ளே பிதுங்கின பசை உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைத்தும் கொள்ளும்.

பொடியை 400 நம்பர் தண்ணீர் எமரி ஷீட்டால் தேய்த்து எடுங்கள். கழுத்தைச் சுற்றித் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. நீளவாக்கில் விழுகிற கோடு தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகிவிடும். தேய்த்த பிறகு விரலால் தடவுங்கள். சின்னச் சொரசொரப்பு பரவாயில்லை. நகம் இறங்குகிற குழி, கிளிப் உட்காருகிற இடத்தில் இருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள். நைலான் கழுத்துக்கு எமரி வேண்டாம், சோப்பும் துணியும் போதும்.

டீசல் விஷயம். கூலன்ட் ஓஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர். சூடு, கிளைக்கால், வெயில் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தாங்கும், டீசல், எண்ணெய், கிரீஸ் மூன்றும் மட்டும் அதற்கு ஆகாது. ஊறினால் உப்பிப் பஞ்சாகிவிடும். வள்ளத்தில் டீசல் போகிற ஓஸ் வேறு ரப்பர், அதில் செல்வது இதில் செல்லாது. நீங்கள் ஊற்றியது கீழ் ஓஸிலும் வழிந்திருக்கும். அதனால் இரண்டையுமே மாற்றச் சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலும் சொட்டியிருக்கிறதா பாருங்கள், சொட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். மாற்றாத ஓஸ்களை நுனியிலிருந்து இரண்டு அங்குலம் வரை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பிறகு நடுவில் அழுத்துங்கள். நடுவை விட நுனி தொளதொளவென்று இருந்தால் உள்ளே வெடிப்பு விட்டிருக்கிறது. வெளியே பார்க்கப் புதிது மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீர்கள்.

கிளிப் வாங்கும்போது நம் கரைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று கொடுப்பதில் பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸாக இருக்கும், திருகு சாதா இரும்புக்கு முலாம் பூசியது. தங்கச்சிமடத்தில் ஒரு கச்சான், ஒரு வாடை தாண்டினால் திருகுத் தலையில் ஸ்பேனர் உட்காராது. ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். திருகில் பலமாக ஒட்டினால் வேண்டாம். பட்டையில் டபிள்யூ4 என்று பொறித்திருந்தால் பட்டை, திருகு எல்லாமே 304 ரக ஸ்டெயின்லெஸ், டபிள்யூ5 என்றால் கடலோரத்துக்கு இன்னும் நல்ல 316. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் உப்பில் அரித்து 2022 டிசம்பரில் அதில் ரயிலே நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு முலாம் பூசிய திருகு எத்தனை நாள் வரும்?

புது ஓஸை ஏற்றும்போது கழுத்தில் கூலன்டையே விரலால் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். கழுத்து நுனியில் ஒரு மேடு ஓடும். கிளிப் அந்த மேட்டின் மேலே உட்காரக் கூடாது, அதைத் தாண்டி உள்ளே, ஓஸ் விளிம்பிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். ரப்பர் பட்டையின் ஓட்டைகளில் பிதுங்குகிற அளவுக்கு இறுக்காதீர்கள். வண்டி ஓடிச் சூடாகி ஆறிய பிறகு ஒரு கால் திருப்பு இறுக்கினால் சரியாகிவிடும்.

தெர்மோஸ்டாட் தேவையா என்றால், கட்டாயம் தேவை. வெயில் ஊர் என்பதெல்லாம் காரணமே இல்லை. வெளியே 38 டிகிரி அடித்தாலும் இன்ஜின் கேட்பது 85, 90. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்தச் சூடு வர நேரமாகும். வண்டியின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும். பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் நன்றாக விரிந்திருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லையென்றால் குற்றவாளி அதுதான். ஒழுங்காகத் திறந்தால் ரேடியேட்டரை முன்பக்கம் குனிந்து பாருங்கள். தகட்டை விரலால் தொட்டாலே பொடியாக உதிர்கிறதா? உப்புக்காற்றில் தகடு இற்றுப்போன ரேடியேட்டர், பாலம் ஏறுகிற மாதிரி கொஞ்சம் பாரம் கூடினாலே சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும். அப்படியானால் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பலன் இல்லை. தகடு நன்றாக இருந்தால் வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து மெதுவாக அடித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.

புது தெர்மோஸ்டாட்டில் ஆடுகிற சின்ன முள் ஒன்று இருக்கும், அது மேல்பக்கம் வரவேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். மூடியின் போல்ட் அலுமினியத்தில் இறங்குகிறது, சின்ன ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து இறுக்குங்கள். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. டிஸ்டில்டு வாட்டர் என்பது பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கென்று விற்கிறார்களே, அதுதான். காவிரிக் குடிநீர் வருகிறதே என்று அதையும் ஊற்ற வேண்டாம். ஊற்றியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி நிற்கும் வரை மெதுவாக நிரப்பி, மட்டம் நின்றதும் மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கட்டும். மறுநாள் காலையில் ஆறிய வண்டியில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பினால் போதும்.

ஓஸ் வாங்க நீங்கள் வர வேண்டியதில்லை. ராமநாதபுரம் வருகிற யாரிடமாவது நான் பத்திரமாக வைக்கச் சொன்ன துண்டைக் கொடுத்தனுப்புங்கள். இது நேர்க் குழாய் இல்லை, வளைவோடு வார்த்தது. நேர்க் குழாயை வளைத்து மாட்டினால் மடிந்து தண்ணீர் போகாது. துண்டின் எந்த முனை ரேடியேட்டர், எந்த முனை இன்ஜின் என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள், சில ஓஸில் இரண்டு முனைக்கும் அளவு வேறு. இரண்டு முனையிலும் கழுத்தோடு போன வளையத்தின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லிக் கடைக்காரரிடம் சொல்ல மறக்க வேண்டாம். கீழ் ஓஸ், நான்கு கிளிப், தெர்மோஸ்டாட் மூடிக்கு ஒரு கேஸ்கட் எல்லாவற்றையும் அதே ஆளிடம் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்.